பிரிக்கக் கூடாத சரை

கோயிலுக்குள், ஐயர் பார்த்துக்கொண்டு நிற்க, பெற்ற தாய் பக்கத்தில் நிற்க, ஒருத்தி அப்படிச் செய்வாளா? செய்தாள். என் மச்சாள் பத்மாசினி செய்தாள். எண்பதாம் ஆண்டு நடந்த காரியம். அவளைப் பற்றி யாரும் கேட்டால் "நல்ல ரீச்சர், பிள்ளைகளில் விருப்பம்" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கலாம். ஆனால் முழுக் கதையையும் சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு செமிக்காது. ஆகவே சொல்கிறேன்.

பத்மாசினியின் தகப்பன் தம்பிராசா என் அம்மாவுக்குத் தமையன், எனக்கு மாமா. கொக்குவிலில் அவர்கள் வளவுக்கும் எங்கள் வளவுக்கும் நடுவே ஒரு மதில், அதில் ஒரு சின்னப் படலை. அந்தப் படலை பூட்டி நான் கண்டதில்லை. மாமா காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். காலை ரயிலில் போய்ப் பின்னேர ரயிலில் வருவார். புருவத்தில் எப்போதும் சீமெந்துத் தூசு இருக்கும். வீட்டில் எதைக் கேட்டாலும் அவரிடம் இருந்தது ஒரே மறுமொழி.

"கொம்மாவைக் கேள்."

கொம்மா என்றால் ஞானாம்பிகை மாமி. மாமி கெட்ட மனுசி இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கொத்தமல்லி அவித்துக்கொண்டு ஓடுகிற கை அது. ஆனால் ஒன்றை நினைத்துவிட்டால் நினைத்ததுதான். பத்மாசினியைப் பெற ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அங்கே ஒரு லேடி டொக்டர் வந்தாவாம். அதுவரை நோயாளிகளை நாய் மாதிரி விரட்டிக்கொண்டிருந்த ஆள்கள் எல்லாரும் எழும்பி நின்றார்களாம். "பொம்பிளையாப் பிறந்தா அப்பிடி வந்து நிக்கோணும் பிள்ளை" என்று மாமி என்னிடமே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறா. கைக்குழந்தையாக இருந்தபோதே பத்மாசினி டொக்டர் ஆகிவிட்டாள். குழந்தைக்குத்தான் அது தெரியாது.

குழந்தைக்குக் கணக்கு வந்தது. வந்தது என்றால் சும்மா இல்லை. சோக்கட்டியால் சீமெந்துத் தரை முழுக்க முக்கோணமும் வட்டமும் கீறி வைப்பாள். மாமி தேங்காய் துருவ உட்கார்ந்தால் திருவலைக்குக் கீழே ஒரு வட்டம், சுளகை எடுத்தால் சுளகுக்குக் கீழே இரண்டு கோடு. "உந்தக் கோதாரியை அழியடி!" என்று மாமி கத்துவா. அழித்துவிட்டு வேறு இடத்தில் கீறுவாள். ஒரு கணக்குச் சரிவந்தால் படலையைத் தள்ளிக்கொண்டு என்னிடம் ஓடிவருவாள். எனக்கு ஒரு கோதாரியும் விளங்காது. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு "சரிதான்" என்பேன்.

அறுபத்தெட்டில் பத்மாசினி சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்தாள். நல்ல சித்தி. அந்த நாளில் எங்கள் ஊரில் கெட்டிக்காரப் பிள்ளைக்கு இரண்டே வழி. உயர்தரத்தில் உயிரியல் படித்தால் டொக்டர், கணிதம் படித்தால் எஞ்சினியர். மற்றப் பாடங்களைப் பற்றி வீட்டில் கதைக்கவே மாட்டார்கள். பத்மாசினி தனக்குக் கணிதம் என்றாள். மாமி நெஞ்சில் கைவைத்துக்கொண்டு குந்திவிட்டா.

"பொம்பிளைப் பிள்ளை எஞ்சினியராகி என்ன செய்யிறது? றோட்டுப் போடுறவங்களோடை வெய்யிலுக்கை நிக்கப் போறியே?"

"நான் தவளையைத் தொடமாட்டன் அம்மா. ரத்தத்தைக் கண்டா எனக்குத் தலை சுத்தும்."

"பழகப் பழகச் சரிவரும்."

மாமாவிடம் போனாள். மாமா சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டார். "எங்கடை பக்டரியிலை ஒரு பொம்பிளை எஞ்சினியரையும் நான் காணேல்லை" என்றார். பிறகு வழக்கமான மறுமொழியைச் சொன்னார்.

அந்தக் கிழமை முழுக்க அந்த வீட்டில் சட்டிபானைகள்தான் கதைத்தன. கடைசியில் மாமியே இறங்கி வந்தா. எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது.

"சரி பிள்ளை. உன்ரை சொல்லும் வேண்டாம், என்ரை சொல்லும் வேண்டாம். பூ வைச்சுப் பாப்பம். பிள்ளையார் சொல்லுறதைக் கேப்பம்."

பூ வைத்துப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். கலியாணம், காணி, பயணம், மனம் இரண்டுபட்டால் எதற்கும் வைப்போம். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. இரண்டையும் வேறுவேறாக வெற்றிலையில் சுற்றி, வாழைநாரால் கட்டி, இரண்டு சின்னச் சரையாக்கி, ஐயரிடம் கொடுத்தால் சாமியின் காலடியில் வைத்துப் பூசை செய்வார். பிறகு விபரம் அறியாத ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எடுத்த சரையில் இருக்கும் பூதான் தீர்ப்பு. மற்றச் சரையைப் பிரிக்கக் கூடாது. அப்படியே கொண்டுபோய்க் கேணியில் போட்டுவிட வேண்டும். அதைப் பிரித்துப் பார்ப்பது சாமியை நம்பாத வேலை. பிரித்தவர் என்று ஒருவரை நான் கேள்விப்பட்டதே இல்லை.

வெள்ளை அலரி என்றால் டொக்டர், சிவப்பு அலரி என்றால் எஞ்சினியர் என்று பேச்சு. சரைகளை மாமியே கட்டிக்கொண்டு வந்தா. எங்கள் குறுகிய ஒழுங்கையில் இருக்கிற பிள்ளையார் கோயிலில் எல்லாரும் நின்றோம். எடுக்கிற குழந்தை வேறு யார்? பத்மாசினியின் தங்கச்சி இராசமலர். அப்போது ஐந்து வயது. புதுச் சட்டை போட்ட புளுகத்தில் துள்ளிக்கொண்டு போய் ஒன்றை எடுத்து ஐயரிடம் நீட்டினாள். ஐயர் பிரித்தார்.

வெள்ளை.

மாமி தலைக்கு மேல் கை கூப்பினா. கண்ணீர் வழிந்தது. இராசமலர் தான் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டதாக எல்லார் முகத்தையும் பார்த்துச் சிரித்தாள். பத்மாசினி சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. மிச்சமிருந்த சரையை எடுத்துக்கொண்டு, "நான் போட்டிட்டு வாறன்" என்று கேணிப்பக்கம் போனாள். போனவளை நெடுநேரம் காணவில்லை. நான் தேடிப் போனபோது கடைசிப் படியில் தண்ணீருக்குள் காலை வைத்துக்கொண்டு நின்றாள். அழுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

"சரி மச்சாள்," என்றாள். "இனித் தவளையோடை பழகுவம்."

பழகினாள். ஆய்வுகூடத்தில் தவளையை அறுத்துவிட்டு வீட்டுக்கு வந்து வாந்தியெடுப்பாள், முகத்தைக் கழுவிவிட்டுத் தாவரவியலைப் பாடமாக்குவாள். ரியூசனுக்குச் சைக்கிளில் நல்லூருக்குப் போய்வந்தாள். முக்கோணம் கீறுவதை மட்டும் அடியோடு விட்டுவிட்டாள். எழுபத்தொன்றில் முடிவு வந்தது. நல்ல புள்ளி. அதற்கு முந்திய வருடம் அதே புள்ளி எடுத்தவர்கள் மருத்துவ பீடத்துக்குப் போயிருந்தார்கள். ஆனால் அந்த வருடம் தரப்படுத்தல் வந்துவிட்டது. தமிழில் எழுதிய பிள்ளைக்குக் கூடுதல் புள்ளி வேண்டுமாம். எங்கள் ஒழுங்கையில் எவருக்கும் அது முதலில் விளங்கவே இல்லை. புள்ளி இருக்கிறது, இடம் இல்லை என்றால் என்ன பொருள்? மாமா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. வீடு செத்தவீடு மாதிரிக் கிடந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நான் எங்கள் வீட்டுக் குடத்தைத் தூக்கி எறிந்து நெளித்தேன்.

அன்று எல்லாரும் பத்மாசினியைச் சுற்றி நின்றோம். இராசமலரை யாரும் கவனிக்கவில்லை. பத்மாசினிதான் முதலில் கேட்டாள்.

"உவள் எங்கை?"

தேடினோம். அலுமாரிக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிக்கொண்டு இருந்தாள் எட்டு வயதுப் பிள்ளை. விக்கி விக்கிச் சொன்னாள்.

"நான்தான் அக்கா பிழையானதை எடுத்தனான். மற்றதை எடுத்திருந்தா நீங்கள் எஞ்சினியரா வந்திருப்பியள்."

பத்மாசினி அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "நீ ஒண்டும் பிழையா எடுக்கேல்லையடி" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பிள்ளை நம்பவில்லை. பத்மாசினி மறுபடியும் எழுதினாள், அதற்கடுத்த முறையும் எழுதினாள். அதற்குள் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்துகொண்டது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குக் கதவு இன்னும் இறுகியது. மூன்று முறை எழுதி மூன்று முறையும் வீட்டுக்கு அதே இடி. ஒவ்வொரு முறையும் இராசமலர் அலுமாரிக்குப் பின்னால் போனாள்.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை தன் கையால் எதையும் தெரிந்து எடுப்பதை நான் காணவில்லை. தீபாவளிக்கு இரண்டு சட்டைத் துணியை விரித்துப் போட்டு எது வேணும் என்றால், "நீங்களே எடுங்கோ" என்பாள். கோயிலில் ஐயர் பூத்தட்டை நீட்டினால், அவரே எடுத்து இவள் கையில் வைக்கும்வரை நிற்பாள். மாமி அதைப் பார்த்து, "என்ரை சின்னவள் எவ்வளவு அடக்கம்" என்று ஊருக்குச் சொல்லிப் பெருமைப்பட்டா. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பத்மாசினி ஆசிரியர் கலாசாலைக்குப் போய் விஞ்ஞான ஆசிரியையாக வந்தாள். வேலை கிடைத்த பள்ளிக்கூடத்தில் அதிபர், மேலே என்ன படிக்கலாம், என்ன வேலைக்குப் போகலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிற பொறுப்பையும் அவள் தலையில் கட்டிவிட்டார். கட்டினவருக்கே பிறகு கரைச்சல். இவள் பிள்ளைகளிடம் முதலில் கேட்கிற கேள்வி, "உனக்கு என்ன விருப்பம்?" கேட்டவுடன் பிள்ளைகள் திரும்பிப் பின்னால் தாயைத் தேடுவார்களாம். தாய் அங்கே இல்லாவிட்டாலும் தேடுவார்களாம். என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அது சிரிக்கிற முகமாக எனக்குப் படவில்லை.

ஒருமுறை ஆழ்வாப்பிள்ளை என்ற மிளகாய்த் தோட்டக்காரர் வீட்டுக்கே வந்து துள்ளினார். மிளகாய் நல்ல விலை போன காலம். மகன் சண்முகநாதன் தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் படிப்புக்குப் போகப் போகிறேன் என்று சொல்லிவிட்டானாம்.

"ரீச்சர், என்ரை பொடியனைக் கோடு கீறவோ விடுறது? நான் வெய்யிலிலை காய்ஞ்சது அவன் டொக்டராகத்தான்!"

"அவன் காயேல்லையே ஐயா," என்றாள் பத்மாசினி. "அவனைக் கேட்டனீங்களோ?"

"அவனை என்ன கேக்கிறது? அவன் சின்னப் பொடியன்!"

"அப்ப நாடி பிடிக்கேக்கையும் நீங்கள் கூடப் போவியளோ?"

மனுசன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். பொடியன் படவரைஞர் படித்து வேலைக்குப் போய்விட்டான். படலைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்ட எனக்கு வாய்கொள்ளாத சிரிப்பு. மாமிக்கு மட்டும் முகம் கறுத்துப் போயிருந்தது.

எண்பதில் இராசமலருக்குச் சாதாரண தர முடிவு வந்தது. ஆறு பாடத்தில் டி, அதாவது அதிவிசேட சித்தி. மாமி சர்க்கரைப் பொங்கல் பொங்கி ஒழுங்கை முழுக்கக் கொடுத்தா. "மூத்தவளுக்குக் கிடைக்காதது சின்னவளுக்குக் கிடைக்கும்" என்று கொடுக்கிற இடமெல்லாம் சொன்னா. உயிரியல் என்பது முடிந்த முடிவு. பின்னேரம் பத்மாசினி கிணற்றடியில் வைத்துத் தங்கச்சியிடம் அதே கேள்வியைக் கேட்டாள். நான் பக்கத்தில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன்.

"உனக்கு என்ன விருப்பம்?"

"நீங்களே சொல்லுங்கோ அக்கா."

"நான் சொல்லமாட்டன். நீ சொல்லுமட்டும் நான் உந்த வாளியைத் தரவும் மாட்டன்."

பிள்ளை துலாவைப் பார்த்தது, நிலத்தைப் பார்த்தது. பிறகு எலி கீச்சிட்ட மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"வர்த்தகம்."

எனக்குக் கையிலிருந்த சவர்க்காரம் கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. ஆறு டி எடுத்த பிள்ளை வர்த்தகமா! சிநேகிதியின் அக்காவுடைய கணக்கியல் புத்தகத்தை வாங்கி முழுவதும் படித்து முடித்துவிட்டாளாம். அதைப் படித்தபோதுதான் நேரம் போனது தெரியவில்லையாம். சொல்லிவிட்டு, களவு செய்தவள் மாதிரி முகத்தை மூடிக்கொண்டாள்.

பத்மாசினி அதை வீட்டில் சொன்னாள். மாமி போட்ட கூச்சல் ரயில் பாதை வரைக்கும் கேட்டிருக்கும்.

"கடைக்காரனுக்குக் கணக்கெழுதவோ நான் பெத்தனான்? ஐயோ, உவளின்ரை மூளையை நீதானேடி குழப்பினனீ! ஊர்ப்பிள்ளையளைக் கெடுத்தது காணாதெண்டு என்ரை பிள்ளையையுமோ?"

இராசமலர் மூலையில் நின்றாள். "எனக்கு ஒண்டும் வேண்டாம், நான் உயிரியலே படிக்கிறன்" என்றாள். "அக்காவுக்கு நான் செய்ததுக்கு எனக்கு உது வேணும்" என்றும் சொன்னாள். மாமியின் கூச்சலில் அது மாமியின் காதில் விழவில்லை. எனக்கு விழுந்தது, பத்மாசினிக்கும் விழுந்தது. பத்மாசினியின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

மாமி மூச்சு வாங்கிக்கொண்டு, "பூ வைப்பம். பிள்ளையார் சொல்லட்டும்" என்றா.

இராசமலர் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பத்மாசினி இப்போது எழும்பித் தாயோடு நாலு வார்த்தை கதைப்பாள் என்று நான் அவளைப் பார்த்தேன்.

"சரி அம்மா, வைப்பம்," என்றாள் பத்மாசினி. "சரையை நீங்களே கட்டுங்கோ."

எனக்கு வந்த கோபம்! ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வாய் திறக்கிறவள் சொந்தத் தங்கச்சிக்கு வாயை மூடுகிறாளே என்று, அவளோடு அன்றைக்கு முகங்கொடுத்துக் கதைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். மாமா லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். வெள்ளை டொக்டர், சிவப்பு வர்த்தகம். இந்த முறை எடுக்கிற குழந்தை என் மகள், நாலு வயது. ஐயர் பூசை செய்து முடித்து, "எடு அம்மா" என்றார். என் மகள் எடுத்தாள். ஐயர் பிரித்தார்.

வெள்ளை.

மாமி தலைக்கு மேல் கை கூப்பினா. இராசமலர் குனிந்து மற்றச் சரையை எடுத்தாள், கேணியில் போட.

"கொண்டா," என்றாள் பத்மாசினி.

வாங்கினாள். கேணிப்பக்கம் போகவில்லை. பிள்ளையாருக்கு நேரே நின்றுகொண்டு வாழைநாரை இழுத்து அறுத்தாள். "பிள்ளை! பிரிக்கக் கூடாது!" என்று ஐயர் கத்திக்கொண்டு வந்தார். வெற்றிலை விரிந்தது.

அதற்குள்ளும் வெள்ளை அலரி.

ஐயர் பத்மாசினியின் உள்ளங்கையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், பிறகு பிள்ளையாரைப் பார்த்தார். மாமியின் கூப்பிய கை தலைக்கு மேலேயே நின்றது. இறக்க மறந்துபோனா.

"மாறிப் போச்சு," என்றா மாமி. குரல் மாமியின் குரலாகவே இல்லை. "கட்டேக்கை மாறிப் போச்சு போலை."

"அறுபத்தெட்டிலையும் மாறினதோ அம்மா?"

கடவுளே! அந்தக் கேள்வி எனக்கு மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. கேணியின் கடைசிப் படி, தண்ணீருக்குள் நின்ற கால், இவ்வளவு நேரமாகக் காணோமே என்று நான் தேடிப் போனது எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது. பதினேழு வயதில் அங்கே நின்று பிரித்துப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுத்தான் தவளையோடு பழகுவோம் என்று சொல்லியிருக்கிறாள். மூன்று பரீட்சை எழுதியது, வாந்தியெடுத்தது, எல்லாம் தெரிந்துகொண்டு!

"ஞானம்," என்றார் மாமா. என் ஆயுளில் அவர் மாமியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான். "உண்மையே?"

மாமி கையை இறக்கினா. "பிள்ளையார் பிழையாச் சொல்லிப்போட்டாரெண்டால்?" என்றா. "சாமி சொன்னாப் பிறகு மாத்தேலாதே. அந்தப் பயத்திலைதான் நான்..."

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்ப ஏன் மாமி பிள்ளையாரிட்டை வந்தனீங்கள்? வீட்டிலையே முடிச்சிருக்கலாமே!" என்று கோயில் என்றும் பாராமல் கத்திவிட்டேன். மாமி என்னைப் பார்க்கவில்லை. மூத்த மகளைத்தான் பார்த்தா.

"தெரிஞ்சுகொண்டே போனனீ? ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

"அண்டைக்கு இந்தச் சனத்துக்கு முன்னாலை உங்களைத் தலைகுனிய வைக்க எனக்கு மனம் வரேல்லை. நீங்கள் என்னைக் கேட்டிருந்தாலும் அழுதுபோட்டு ஓம் எண்டிருப்பன் அம்மா. நீங்கள் என்னைக் கேக்கேல்லை. பிள்ளையாரையும் கேக்கேல்லை."

மாமி தூணைப் பிடித்துக்கொண்டா. ஐயர் உள்ளே போய்விட்டார். அப்போதுதான் பின்னால் இராசமலரின் குரல் கேட்டது.

"அப்ப... நான்?"

பத்மாசினி திரும்பினாள்.

"நீ எதை எடுத்திருந்தாலும் வெள்ளைதானடி."

இராசமலர் அப்படியே நிலத்தில் குந்தினாள். ஐந்து வயதில் புதுச் சட்டையோடு சிரித்தாளே, அந்தப் பிள்ளை பதினேழு வயதில் கோயிலே அதிர அழுதாள். "நானில்லையோ அக்கா? நானில்லையோ?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டாள். தன் சின்னவளின் அடக்கம் என்னவென்று மாமிக்கு அப்போதுதான் விளங்கியது. முகத்தில் பளாரென்று அறை வாங்கின மாதிரி நின்றா. பிறகு மெல்ல நடந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தா.

"உனக்கு என்ன விருப்பம் மோனை?"

இராசமலர் பழக்க தோசத்தில் தலையைத் திருப்பி அக்காவைத் தேடினாள். பத்மாசினி வேண்டுமென்றே மூலஸ்தானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைத் தேடினாள். நானும் என் மகளைத் தூக்கிக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினேன். கடைசியில் அவள் முகத்தைத் துடைத்தாள்.

"வர்த்தகம்," என்றாள். உள்ளே நின்ற ஐயருக்கும் கேட்டது.